டிரெய்லர் இழுக்கும் டிரக்கில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூட்டை அடக்குவது எப்படி: புதியவர்களுக்கு

டிரெய்லரை மாட்டிக்கொண்டு மேடு ஏறும்போது எல்லோர் கண்ணும் எஞ்சின் டெம்பரேச்சர் முள்ளின் மேல்தான் இருக்கும். அது நடுவில் நின்றால் போதும், நிம்மதி. அதே நேரத்தில் கியர்பாக்ஸுக்குள் ஆயில் 130 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், பல வண்டிகளில் அதுவரைக்கும் ஒரு விளக்குகூட எரியாது. எஞ்சின் சூடானால் ஆவியைக் கக்கிக் காட்டிக் கொடுத்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அப்படியில்லை, சத்தமே இல்லாமல் வேகும், பல மாதம் கழித்து ஒருநாள் கியர் மாறும்போது வழுக்கும், அப்போது அந்தப் பழைய மலையேற்றம் யாருக்கும் நினைவில் இருக்காது.

இதைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதல் பதில் "பெரிய கூலர் போடுங்க" என்பதுதான். ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் நல்லதுதான், ஆனால் அதை முதலில் வாங்குவது வரிசை மாறிய வேலை. சூடு எங்கே, எப்போது பிறக்கிறது என்று தெரிய வேண்டும். அதைப் பார்க்க ஒரு மீட்டர் வேண்டும். அப்புறம் ஓட்டும் விதத்தை மாற்ற வேண்டும். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால்தான் கூலருக்குக் காசு. நானும் அதே வரிசையில்தான் சொல்லப் போகிறேன்.

சூடு பிறக்கும் இடம்

எஞ்சினுக்கும் கியர்களுக்கும் நடுவில், கிளட்ச் பெடல் செய்யும் வேலையைச் செய்வது டார்க் கன்வெர்ட்டர். மூடிய கூடு, உள்ளே முழுக்க ஆயில், எதிரெதிராக இரண்டு விசிறிகள். எஞ்சின் பக்கத்து விசிறி ஆயிலைத் தூக்கி எறியும், அந்த ஆயில் போய் மோதிக் கியர்பாக்ஸ் பக்கத்து விசிறியைச் சுழற்றும். நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் திரும்பி வரும் ஆயிலைத் திசை மாற்றிவிடுவதால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. கனமான டிரெய்லரை ஆட்டோமேட்டிக் அலுங்காமல் கிளப்புவதற்கு இதுதான் காரணம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு விசிறிகளும் ஒரே வேகத்தில் சுற்றாத ஒவ்வொரு நொடியும் எஞ்சின் கொடுத்த சக்தியில் ஒரு பங்கு ஆயிலைக் கடைவதிலேயே தீர்ந்து சூடாகிறது. அந்தச் சூடு முழுவதும் ஆயிலில்தான் ஏறும்.

இந்த இழப்பை நிறுத்தத்தான் கன்வெர்ட்டருக்குள்ளேயே ஒரு லாக்கப் கிளட்ச் வைத்திருக்கிறார்கள். அது பிடித்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, வழுக்கல் இல்லாமல் நேராகச் சுற்றும். 1949இல் அமெரிக்கக் கார் கம்பெனியான பேக்கார்ட் தன் அல்ட்ராமேட்டிக் கியர்பாக்ஸில் இதை வைத்தது, பிறகு பல வருடம் பெரிதாக யாரும் சீண்டவில்லை, 1978 மாடல்களில் கிரைஸ்லர் திரும்பக் கொண்டுவந்த பிறகு இன்று கிட்டத்தட்ட எல்லா ஆட்டோமேட்டிக்கிலும் இருக்கிறது. பெட்ரோல் மிச்சப்படுத்த வந்த சாமான்தான். டிரெய்லர் இழுக்கும் நமக்கு அதைவிட முக்கியம், அது சூட்டை நிறுத்துகிறது.

எவ்வளவு சூடு என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிரக்கும் டிரெய்லரும் சேர்த்து 5,000 கிலோ, 6 சதவீத ஏற்றம், வேகம் 80 கிலோமீட்டர். அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே சுமார் 65 கிலோவாட் வேண்டும், காற்றும் டயரும் கேட்பது தனி. கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் அதில் 10 சதவீதத்தைத் தின்றால் 6.5 கிலோவாட் சூடு. ஆறேழு இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றி ஆயிலுக்குள் அமுக்கி வைத்த மாதிரி. 10 லிட்டர் ஆயில் மட்டும் அந்தச் சூட்டை வாங்குகிறது, கூலரும் இல்லை, உலோகமும் சூட்டை இழுக்கவில்லை என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 20 டிகிரிக்கு மேல் ஏறும். நிஜத்தில் கூலரும் உலோகக் கூடும் நிறைய வாங்கிக்கொள்ளும் என்பதால் அவ்வளவு வேகமாக ஏறாது, ஆனால் சில நிமிடங்களில் ஏன் முள் எகிறுகிறது என்பது புரியும். அதே ஏற்றத்தை லாக் ஆன நிலையில் ஏறினால் அந்த 6.5 கிலோவாட்டில் மிகப் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது.

கியர் மாறும்போது உள்கிளட்சுகள் உரசுவது, ஆயில் பம்ப், பல்சக்கரங்கள் ஆயிலைக் கடைவது என்று வேறு சூடுகளும் உண்டு. அவையெல்லாம் சில்லறை. மொத்தப் பணம் கன்வெர்ட்டரில்தான்.

அதனால் நெடுஞ்சாலையில் சீராகப் போவது கியர்பாக்ஸுக்குப் பெரிய தொல்லை இல்லை. மெதுவாக, ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தி ஓட்டும் இடங்கள்தான் கொல்லும்: மேட்டில் நெரிசலில் ஊர்வது, டிரெய்லரை மேல்நோக்கி ரிவர்ஸ் எடுப்பது, படகைச் சரிவிலிருந்து தண்ணீருக்கு வெளியே இழுப்பது, மணலில் புதைந்து முக்குவது. ரிவர்ஸில் பொதுவாக லாக்கப் கிடையாது, வேகம் இல்லாததால் கூலர் மேல் காற்றும் அடிக்காது. இரண்டும் சேர்ந்தால் ஐந்து நிமிடத்தில் 30 டிகிரி ஏறுவது ஆச்சரியமில்லை.

எத்தனை டிகிரி வரை சரி?

பழைய மெக்கானிக்குகள் ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள்: 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும். 80இல் 1,60,000 கிலோமீட்டர் தாங்கும் ஆயில் 91இல் 80,000, 102இல் 40,000, 113இல் 20,000 என்று இறங்கிக்கொண்டே போகும். இது அந்தக் காலத்து மினரல் ஆயிலுக்குப் போட்ட கணக்கு, இன்றைய சிந்தெடிக் ஆயில்கள் இதைவிட நன்றாகவே தாங்கும், அதனால் எண்களை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சேதம் சீராக ஏறாமல் மடங்கு மடங்காக ஏறும் என்ற பாடம் இன்றைக்கும் சரிதான். சுமார் 115க்கு மேல் ஆயில் வார்னிஷ் மாதிரி உலோகத்தில் படிய ஆரம்பிக்கும், 125ஐத் தாண்டினால் ரப்பர் சீல்கள் இறுகும், 145ஐத் தாண்டினால் கிளட்ச் பிளேட்டுகளே வழுக்கும்.

நான் வைத்துக்கொள்ளும் எல்லை இதுதான். டிரெய்லரோடு 80 முதல் 100 வரை: பாட்டுக் கேட்கலாம். 100 முதல் 110: ஏற்றத்தில் இது சகஜம், ஆனால் கண் மீட்டரில் இருக்கட்டும். 110 முதல் 120: ஏதாவது செய்ய வேண்டும், கியரைக் குறைக்க வேண்டும் அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். 120ஐத் தாண்டி இன்னும் ஏறுகிறது என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம்கட்டுங்கள். உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி, என் எண்ணைத் தூக்கி எறியுங்கள். சில புதிய கியர்பாக்ஸ்களில் தெர்மோஸ்டாட் வைத்து வேண்டுமென்றே ஆயிலை 90க்கு அருகில் வைத்திருப்பார்கள் (கெட்டியான ஆயிலைக் கடைய வீண் சக்தி போகும் என்பதால்), வெறும் வண்டியிலேயே 90 காட்டுகிறது என்று பதற வேண்டாம்.

முதல் வேலை: மீட்டர்

டிரக்கில் கியர்பாக்ஸ் டெம்பரேச்சர் காட்டும் வசதி ஏற்கெனவே இருக்கலாம், மெனுவுக்குள் ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள். முள்ளாக இருந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு நம்புங்கள், ஏனென்றால் பல தொழிற்சாலை முள்கள் அகலமான ஒரு வெப்ப வரம்பு முழுக்க நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டவை, அது நகரும்போது விஷயம் முற்றியிருக்கும். எண்ணாகக் காட்டுவதுதான் உபயோகம். அது இல்லாவிட்டால் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கும் இடம்) செருகும் ஒரு புளூடூத் ரீடரும் போனில் ஒரு ஆப்பும் போதும். ஆனால் கியர்பாக்ஸ் டெம்பரேச்சர் என்பது ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி வைத்திருக்கும் தனிக் குறியீடு, அதனால் உங்கள் மாடலுக்கு ஆப் அதைப் படிக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்சார் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அடியில் இருக்கும் ஆயில் பானில் இருந்தால் மொத்த ஆயிலின் சராசரிச் சூடு தெரியும், மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். கன்வெர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் இருந்தால் அந்த நொடியின் சூடு தெரியும், பானைவிட 20, 30 டிகிரி கூடவே காட்டும், திடீரென்று எகிறித் திடீரென்று விழும். இரண்டு வண்டிக்காரர்கள் எண்களை ஒப்பிட்டுச் சண்டை போடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மேலே நான் கொடுத்த எல்லைகள் பான் சூட்டுக்கானவை.

இரண்டாவது: லாக் ஆவதை உணரக் கற்றுக்கொள்ளுங்கள்

யாரும் சொல்லித் தராத விஷயம் இது, ஆனால் இதில்தான் பாதி வித்தை இருக்கிறது. டிரெய்லர் இல்லாமல், காலியான சமதளச் சாலையில், 80இல் சீராகப் போங்கள். ஆக்சிலரேட்டரை அசைக்காமல் வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக் பெடலைத் தொட்டும் தொடாமலும், பின் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பல வண்டிகளில் அந்தத் தொடுதலே லாக்கை விடுவித்துவிடும்: வேகம் மாறாமலேயே எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் முள் ஒரு 200, 300 ஆர்பிஎம் ஏறும். காலை எடுத்தால் ஓரிரு நொடியில் திரும்ப இறங்கும், கூடவே வண்டி லேசாக இறுகிய மாதிரி ஓர் உணர்வு. அந்த இறக்கம்தான் லாக். இதைச் சில முறை செய்து பார்த்தால் மேட்டில் லாக் எப்போது விலகுகிறது என்று காதிலேயே தெரிந்துவிடும்.

ஆப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது, எஞ்சின் வேகத்துக்கும் டர்பைன் (கன்வெர்ட்டரில் கியர்பாக்ஸ் பக்கத்து விசிறி) வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் லாக் ஆகியிருக்கிறது (புதிய கியர்பாக்ஸ்கள் அதிர்வைக் குறைக்க வேண்டுமென்றே கொஞ்சம் வழுக்க விடும், பரவாயில்லை). லாக் ஆகியிருக்க வேண்டிய நேரத்தில் வித்தியாசம் 100, 200 என்று ஆடினால் லாக்கப் கிளட்சே தேய்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம், அதற்கு எந்தக் கூலரும் மருந்தில்லை.

மூன்றாவது: ஆயில்

அளவு முதலில். குறைவாக இருந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அதிகமாக இருந்தால் சுற்றும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், இரண்டிலும் கிளட்சுக்குப் போக வேண்டிய அழுத்தம் குறைந்து வழுக்கல், வழுக்கினால் சூடு. டிப்ஸ்டிக் உள்ள வண்டியில் பெரும்பாலும் எஞ்சின் ஓட, ஆயில் சூடாக இருக்கும்போது, சமதளத்தில் பார்க்க வேண்டும், பார்க்கிலா நியூட்ரலிலா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பாருங்கள். இப்போது வரும் பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது. அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, குறிப்பிட்ட சூட்டில் ஆயில் அதன் வழியாகச் சொட்டுகிறதா என்று பார்க்கும் முறை, அதை வேலை தெரிந்த ஒருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

நிறமும் வாசனையும் கொஞ்சம் சொல்லும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பாகப் பரந்து விரிந்தால் நல்லது. நடுவில் கறுப்புப் புள்ளியாக நின்று ஓரத்தில் மட்டும் பழுப்பாகக் கசிந்தால், கருகிய வாடையும் அடித்தால், மாற்ற வேண்டிய நேரம் ஏற்கெனவே போய்விட்டது. வெறும் நிறம் மங்கியதை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம், சில ஆயில்கள் சீக்கிரமே நிறம் மாறும். இன்னொரு நிறம் இருக்கிறது, அதைப் பார்த்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்: பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பு நுரை. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது. கூலன்ட் கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் உரசு பொருளின் பசையையே கரைக்கும், அதோடு ஓட்டினால் கியர்பாக்ஸ் போச்சு.

"ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்று போட்டிருப்பதை டிரெய்லர் இழுப்பவர்கள் நம்பவே கூடாது. அதே கையேட்டின் பின்பக்கங்களில் கடின உபயோகம் என்று ஒரு தனி அட்டவணை இருக்கும், டிரெய்லர் இழுப்பது அதில்தான் வரும். பொதுவாக 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது வீண் செலவு ஆகாது. பானைக் கழற்றி மாற்றினால் பாதி ஆயில்தான் வெளியே வரும், மீதி கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும், அதனால் ஓரளவு ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றினால் நல்லது. பானைக் கழற்றும்போது அதிலிருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மையாக ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். ஊசி மாதிரி, செதில் மாதிரி இரும்புத் துண்டுகள் இருந்தால் கதை வேறு. ஆயில் வாங்கும்போது கையேடு சொல்லும் வகையையே வாங்குங்கள். கையேடு கேட்கும் வகைக்குப் பதில் வேறு வகை, எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று லேபிள் ஒட்டிய மலிவு ஆயில், இதெல்லாம் லாக்கப் கிளட்ச் பிடிக்கும் விதத்தையே மாற்றிவிடக் கூடியவை.

நான்காவது: எடையும் காற்றும்

கம்பெனி சொல்லும் இழுவை எடை எங்கிருந்து வருகிறது? வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 2008இல் வெளியிட்ட ஜே2807 என்ற சோதனை முறைதான் இப்போது பரவலாக வழக்கில் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றம் என்று 18 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சாலை, அடிவாரத்தில் குறைந்தது 38 டிகிரி வெயில், ஏசி முழு வேகத்தில், சாதாரண டிரக்குகள் 64 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏறி முடிக்க வேண்டும், எதுவும் பழுதாகக் கூடாது. கடுமையான பரீட்சைதான். ஆனால் அதை எழுதுவது நல்ல நிலையில் உள்ள டிரக், கம்பெனி டயர். நீங்கள் பெரிய டயர் மாட்டி, கூரையில் சாமான் ஏற்றி, ஐந்து பேரோடு போனால் அந்த எண் உங்களுக்குப் பொருந்தாது. முழுச் சுமையோடு ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள், மனக்கணக்கில் எடை எப்போதும் குறைவாகத்தான் வரும்.

பெரிய டயரைப் பற்றி ஒரு வார்த்தை. விட்டம் 10 சதவீதம் கூடினால் எல்லாக் கியரும் 10 சதவீதம் உயர்ந்த மாதிரி. பார்க்க கம்பீரமாக இருக்கும், ஆனால் எஞ்சின் தாழ்ந்த வேகத்தில் முக்கும், லாக் அடிக்கடி விலகும். டயர் மாற்றியபின் கியர்பாக்ஸ் ஏன் சூடாகிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் டயரிலேயே இருக்கிறது.

வேகம். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏறும். 110இலிருந்து 90க்கு இறங்கினால் காற்றுக்காகச் செலவாகும் சக்தி கிட்டத்தட்ட பாதியாகிவிடும். உயரமான பெட்டி டிரெய்லர் இழுப்பவர்களுக்கு இது எந்தக் கூலரையும்விடப் பெரிய சமாசாரம், காசும் கிடையாது.

ஐந்தாவது: ஓட்டும் விதம்

டிரெய்லர் மாட்டியதும் டோ ஹால் பட்டனை (சுமை இழுப்பதற்கென்றே வைத்திருப்பது) அமுக்குங்கள், டிரெய்லரைக் கழற்றும் வரை அப்படியே இருக்கட்டும். அது கியர் மாறும் புள்ளிகளை மாற்றும், லாக்கை முன்னதாகவே போடும், இறக்கத்தில் தானாகக் கியர் குறைத்து எஞ்சினால் பிடிக்கும். வண்டி கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கியர் மாற்றுகிற மாதிரி இருக்கும், அது நல்லதுதான், கிளட்ச் சட்டென்று பிடிக்கிறது, உரசும் நேரம் குறைகிறது.

ஏற்றத்தில் கவனிக்க வேண்டியது கியர் ஊசலாட்டம். மேல் கியரில் ஏற முடியாமல் ஒன்று இறங்கும், வேகம் கிடைத்ததும் திரும்ப ஏறும், மறுபடி இறங்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் லாக் விலகித் திரும்பப் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் சூடு. இது தொடங்கிய உடனேயே கையால் ஒரு கியர் குறைத்து அதிலேயே நிறுத்துங்கள், மேட்டின் உச்சி வரும்வரை மேல் கியருக்கு ஆசைப்படாதீர்கள். எஞ்சின் 3,500, 4,000 என்று இரையும். புதியவர்கள் இந்தச் சத்தத்துக்குத்தான் பயப்படுகிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர்களைவிடப் பயப்படுவார். பயம் வேண்டாம். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை பெட்ரோல் எஞ்சினுக்கு அது சாதாரண வேலை, அதோடு அந்த வேகத்தில் வாட்டர் பம்பும் (எஞ்சினோடு சுற்றும் வகையாக இருந்தால்) விசிறியும் கியர்பாக்ஸ் பம்பும் எல்லாம் வேகமாகச் சுற்றும், லாக் விழுந்த நிலையிலேயே இருக்கும். குறைந்த ஆர்பிஎம்மில் அமைதியாக முக்கி ஏறும் வண்டியில்தான் உள்ளே வேகிறது.

மேட்டில் சிக்னல் வந்தால் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பின்னால் உருளாமல் பிடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதை இன்றோடு விடுங்கள். சக்கரம் சுற்றவில்லை, எஞ்சின் சக்தி கொடுக்கிறது, அப்படியென்றால் கொடுத்த சக்தி மொத்தமும் கன்வெர்ட்டருக்குள் சூடாகிறது. ஒர்க்ஷாப்பில் பிரேக்கை அழுத்திப் பிடித்துச் செய்யும் ஸ்டால் சோதனையை ஐந்து நொடிக்கு மேல் செய்யாதே என்று சொல்வது இதனால்தான். பிரேக்கால் பிடியுங்கள், அதற்குத்தான் பிரேக்.

நெரிசலில் அங்குல அங்குலமாக ஊராமல், முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, இடம் சேர்ந்ததும் ஒரே போக்கில் நகருங்கள். ரொம்ப நேரம் நின்றால் நியூட்ரலுக்குப் போய்விடுங்கள். மண் தரையில், சரளையில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க வேண்டுமென்றால், நான்கு சக்கர டிரைவ் உள்ள டிரக்கில் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு நகர்வதற்கான தாழ்ந்த கியர் வரிசை) போட்டு எடுங்கள், கன்வெர்ட்டரின் பாடு பெருமளவு குறையும், வண்டியும் நத்தை வேகத்தில் அடக்கமாக நகரும். காய்ந்த தார் அல்லது கான்கிரீட் மேல் மட்டும் இது வேண்டாம், திருப்பும்போது டிரைவ் ஷாஃப்ட்கள் முறுக்கிக்கொள்ளும். மணலில் மாட்டினால் டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாறி மாறி ஆட்டிக்கொண்டே இருக்காதீர்கள், ஒன்றிரண்டு முறையில் வராவிட்டால் இறங்கி மண்வெட்டியை எடுங்கள், அல்லது டிரெய்லரைக் கழற்றுங்கள்.

சூடு எல்லை தாண்டிவிட்டால்

முதலில் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி ஒரு கியர் குறைத்துப் பாருங்கள், பல நேரம் லாக் விழுந்து ஓரிரு நிமிடத்தில் முள் நின்றுவிடும். ஏசியை அணைத்தால் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் சூடு விடாது, பின்னால் இருப்பதற்கெல்லாம் குளிர்ந்த காற்றுக் கிடைக்கும். இதற்கும் அடங்காவிட்டால் ஓரம்கட்டுங்கள்.

நிறுத்திய உடனே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கத்தான் கை போகும். அணைக்காதீர்கள். எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும், கொதிக்கும் ஆயில் கன்வெர்ட்டருக்குள்ளேயே தேங்கிச் சீல்களை வேக வைக்கும். பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் எஞ்சினை 1,000 முதல் 1,500 ஆர்பிஎம்மில் ஓடவிடுங்கள். பார்க்கில் போடாமல் நியூட்ரல் ஏன் என்றால், சில பழைய கியர்பாக்ஸ்களில் பார்க்கில் கூலருக்கு ஆயில் போகவே போகாது. நியூட்ரலில் சக்கரம் பூட்டாது என்பதை மறக்காதீர்கள், சரிவில் கட்டை இல்லாமல் இதைச் செய்யவே கூடாது, கட்டை இல்லையா, பார்க்கிலேயே ஓடட்டும். ஐந்து பத்து நிமிடத்தில் 95க்கு அருகில் வரும். இதற்கு ஒரே விதிவிலக்கு: அடியில் ஆயில் ஒழுகினாலோ, புகை வந்தாலோ, எஞ்சின் முள்ளும் சிவப்புக்குப் போனாலோ உடனே அணைத்துவிட்டு எட்ட நில்லுங்கள்.

130ஐத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள். புதுக் கியர்பாக்ஸோடு ஒப்பிட்டால் ஆயில் விலை ஒன்றுமே இல்லை.

கடைசியில் கூலர்

மேலே சொன்னதெல்லாம் செய்தும் சாதாரண ஏற்றங்களிலேயே 110ஐத் தாண்டுகிறது என்றால் கூலர் போடலாம். இரண்டு வகை. வளைந்த குழாயில் தகடு கோத்த மலிவு வகை ஒன்று, தட்டையான தகடுகளை அடுக்கி ஒட்டிய வகை இன்னொன்று. அடுக்குத் தகடு வகை அதே இடத்தில் அதிகம் குளிர்விக்கும், ஆயில் ஓட்டத்தையும் குறைவாகத் தடுக்கும், அதையே வாங்குங்கள்.

ரேடியேட்டருக்குள் இருக்கும் பழைய கூலரைச் சிலர் துண்டித்துவிடச் சொல்வார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. காற்றைவிட நீர் சூட்டை நன்றாக வாங்கும், வண்டி நிற்கும்போதும் வாங்கும், குளிரில் ஆயிலைச் சீக்கிரம் பதத்துக்கும் கொண்டுவரும். அதன் குறை ஒன்றுதான்: கூலன்ட் 100இல் இருந்தால் ஆயில் அதற்குக் கீழே இறங்காது. அதனால் ரேடியேட்டரிலிருந்து வெளியே வந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாயில் புதுக் கூலரைச் சேருங்கள். முதலில் நீர், பிறகு காற்று, பிறகு கியர்பாக்ஸ். ரேடியேட்டர் பழசாகித் துருப்பிடித்திருந்தால் மட்டும் அதை மாற்றிவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள், பால் நிற நுரைக் கதை மேலேயே சொல்லியாயிற்று.

எந்தக் குழாய் போவது, எது வருவது? இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, பார்க்கிங் பிரேக்கோடு, கியர்பாக்ஸ் பக்கத்தில் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள், விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்டத்தில். முதலில் சூடேறுவது வெளியே போகும் குழாய். மற்றது திரும்பி வருவது, உங்கள் வேலை அதில்தான்.

கூலரை ஏசி கண்டென்சருக்கு முன்னால், ஒட்டாமல் ஒரு விரல்கடை இடைவெளி விட்டு, தனிப் பட்டியால் பாடியில் மாட்டுங்கள். ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே குத்திக் கட்டும் பிளாஸ்டிக் டை டப்பாவோடு வரும், அதைக் குப்பையில் போடுங்கள், அதிர்ந்து அதிர்ந்து ரேடியேட்டரையே அறுத்துவிடும். வாய்கள் மேலே பார்த்தோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், கீழே பார்த்தால் உள்ளே காற்று தங்கும். கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்று வரும் ஹோஸ்தான் வேண்டும், பெட்ரோல் ஹோஸ் அந்தச் சூட்டில் இறுகி வெடிக்கும். இரும்புக் குழாயை வெட்டினால் முனையைக் கொஞ்சம் விரித்துவிட்டு ஹோஸை அந்த விரிவைத் தாண்டி நன்றாக உள்ளே தள்ளி, விரிவுக்குப் பின்னால் கிளாம்ப் போடுங்கள். வழுவழுப்பான குழாயில் கிளாம்ப் மட்டும் இருந்தால் ஒருநாள் முழு அழுத்தத்தில் கழன்று சில நொடிகளில் மொத்த ஆயிலும் சாலையில் கிடக்கும். ஹோஸ் எங்கேயும் மடங்கக் கூடாது, கூரான ஓரத்தில் உரசக் கூடாது. முடிந்ததும் ஓடவிட்டு, ஒழுகல் பார்த்து, கூலர் குடித்த அளவுக்கு ஆயில் ஊற்றி, சூடானபின் அளவு பாருங்கள்.

ஊரும் வேகத்தில் கூலருக்குக் காற்று விசிறியிலிருந்துதான் வர வேண்டும். அதனால் கூலர் வாங்குவதற்கு முன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள், பூச்சியும் தூசியும் பஞ்சு மெத்தையாக அடைத்திருந்தால் கழுவுவதிலேயே சில டிகிரி இறங்கும். எப்போதும் மெதுவேக வேலைதான் என்றால் தனி மின்விசிறி உள்ள கூலராகப் பாருங்கள். ஆழமான அலுமினியப் பான் பற்றிக் கேட்பீர்கள்: கூடுதல் ஆயில் பிடிக்கும், சூடேறக் கொஞ்சம் தாமதமாகும், நீண்ட ஏற்றத்தில் கடைசியில் போய் நிற்கும் சூட்டைப் பெரிதாகக் குறைக்காது. சின்னச் சின்ன மேடுகளுக்குச் சரி, கூலருக்கு மாற்று இல்லை.

எல்லாம் முடிந்தபின் நீங்கள் அடிக்கடி போகும் ஒரு நீண்ட ஏற்றத்தைத் தேர்ந்தெடுத்து, சுமை, வெளி வெயில், வேகம், கியர், உச்சியில் காட்டிய சூடு என்று போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே சுமை, அதே வெயில், அதே கியரில் 8, 10 டிகிரி கூடக் காட்டினால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள், அப்புறம் கூலர் தகடுகளில் அழுக்கு, அப்புறம் விசிறி கிளட்ச் (ரேடியேட்டர் விசிறியை எஞ்சினோடு இணைப்பது), கடைசியாக லாக்கப் வழுக்கல். முதல் மூன்றும் வீட்டு வாசலிலேயே பார்க்கக் கூடியவை. நான்காவதாக இருந்தால் அடுத்த பயணத்துக்கு முன் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, குறித்து வைத்த எண்களோடு கியர்பாக்ஸ் மெக்கானிக்கிடம் போங்கள்.